என் காலுக்குக் காரணம் சொல்ல வந்தவர்கள்

இதை வாசிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கரைவலைக் கயிற்றைப் பிடித்த கை இது. பேனையைக் கொடுத்தாலும் கயிற்றைப் போலவே இறுக்கிப் பிடிக்கிறது. எந்த இடத்தில் 'ர' வரும், எந்த இடத்தில் 'ற' வரும் என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. என் மகள் ஸ்டெல்லா பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். தாயைப் போல அவளுக்கும் எல்லாவற்றையும் நல்லபடியாக முடித்துவைக்கிற பழக்கம் உண்டு.

என் பெயர் சூசை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றவன். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என் காலைப் பற்றி எத்தனையோ பேர் வந்து கதைத்தார்கள். எல்லோருக்கும் "ஓம், ஓம்" என்றேன். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நோயாளியைப் பார்க்கப் போகிற எங்கள் பங்கு மக்களுக்கு இது உதவினால் நல்லது. உதவாவிட்டாலும், எழுதி முடித்தால் என் நெஞ்சில் இருக்கிற எரிச்சலாவது அடங்கும்.

கார்த்திகை மாதம், கடல் கொஞ்சம் அடங்கி, கரைவலை தொடங்கிய முதல் கிழமை. குறிஞ்சிப்பிட்டிக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த கரையில் எங்கள் வாடி, தொழிலுக்குப் போட்ட ஓலைக் கொட்டில். ஒரு புதன்கிழமை காலை வலையை இழுத்துக் கரையேற்றி, மடியைப் பிரித்து மீனைக் கொட்டும்போது கெளுத்தி ஒன்று என் வலது காலில், பெருவிரலுக்குக் கீழே முள்ளை ஏற்றிவிட்டது. கெளுத்தி முள் குத்தினால் பெரிய ஆம்பிளையும் மணலில் புரண்டு அழுவான். நான் அழவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் முள் ஏறியிருப்பதே தெரிந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, "சூசைட கால் தேக்கு மரம்டா" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெருமையாக இருந்தது.

வீட்டில் என் மனைவி மெற்றில்டா காயத்தைக் கழுவி, அந்தோனியார் கோயில் விளக்கில் இருந்து கொண்டுவந்த எண்ணெயைப் பூசினாள். எங்கள் பக்கத்தில் யாருக்கு எது வந்தாலும் முதலில் அந்த எண்ணெய்தான். ஒவ்வொரு நாளும் பூசிக்கொண்டு கேட்பாள்.

"நோகுதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல."

"இஞ்ச பாருங்க, நான் சொன்னன்தானே!"

காயம் இருந்த இடம் கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. எண்ணெய் ஊறியதால் என்று நினைத்தோம். மெற்றில்டா வாக்குத் தவறாதவள். அந்தோனியாருக்கு ஒன்று நேர்ந்தால் அதைச் செய்து முடிக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டாள். எங்கள் கோயிலில் செவ்வாய்க்கிழமை மாலை அந்தோனியார் நவநாளில் இப்படிப்பட்ட கடிதங்களைப் பாதர் பீடத்தில் நின்று வாசிப்பார். எல்லோரும் "அந்தோனியாருக்குத் தோத்திரம்" என்பார்கள். அவள் எழுதியது எனக்குப் பாடம்: கெளுத்தி முள் குத்திய என் கணவருடைய கால், உமது விளக்கின் எண்ணெய் பூசியதால், ஒரு நோவும் இல்லாமல் சுகமடைந்தது. நன்றியுடன், மெற்றில்டா சூசை.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போது எனக்குக் குளிர்காய்ச்சல். பெருவிரல் கறுத்திருந்தது. மணம் வேறு. முச்சக்கர வண்டியில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டொக்டர் ஒருதரம் பார்த்தார். உடனே அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். மாலையில் பெரியாஸ்பத்திரியில், சுவரோரம் ஒரு தள்ளுக் கட்டிலில் கிடக்கும்போது மெற்றில்டாவின் ஃபோன் அடித்தது. என் மூத்த அக்கா பிலோமினா. அவ கதைத்தால் ஃபோன் தேவையில்லை, சும்மாவே கேட்கும்.

"தம்பி எங்க? தம்பிக்குச் சொல்லு, இப்பதான் கோயில்ல வாசிச்சாங்க! கால் சுகமாம்! பாதர் வாசிக்கக்குள்ள எனக்குக் கண்ணீர் வந்திட்டு!"

மெற்றில்டா ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி என் விரலில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்து, சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினாள்.

எனக்குச் சீனி வருத்தம் இருந்திருக்கிறது. எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியாது. நான் இரத்தம் சோதித்தவனில்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் கரையில் என்னைப் போல இன்னும் பல பேர் இருக்கிறார்கள். இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டே போனால் கால்களுக்குப் போகிற சின்ன நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும். பிறகு முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. இரத்தக் குழாயும் ஒடுங்கிவிடும், அதனால் காயம் ஆறாது. நோகாததால் நாங்கள் கவனிக்க மாட்டோம். நாங்கள் கவனிக்காத நேரத்தில் கால் உள்ளே அழுகும்.

பெரியாஸ்பத்திரி டொக்டர் ஒரு சிங்கள அம்மா. உடைந்த தமிழில் மெதுவாகச் சொல்லுவார். "நோவு இருந்தா அடுத்த நாளே வந்திருப்பீங்க. நோவு இல்லாததுதான் நோய்."

அதைக் கேட்டு மெற்றில்டாவின் முகம் போன விதத்தை என்னால் எழுத முடியாது. ஆறு நாள் அவள் அற்புதம் என்று நினைத்தது அந்த வருத்தத்தைத்தான்.

வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் ஹனீபா நானா. கரைத்தீவில் இருக்கிறவர், ஊர் மன்னார். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களைத் துரத்தியபோது வந்த ஆட்களில் ஒருவர். அவருக்கும் சீனி. போன வருடம் இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது, இந்த முறை குதியில் புண். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். ஆஸ்பத்திரிச் சோற்றில் இருந்து மின்விசிறி வரை எல்லாவற்றிலும் அவருக்குக் குறைதான். ஆனால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. டொக்டர் வேகமாகச் சொல்வதை எனக்கு மொழிபெயர்ப்பவர் அவர்தான்.

புதன்கிழமை காயத்தைக் கீறிக் கழுவினார்கள். ஊசி, சேலைன், நாலு நேரமும் இன்சுலின். இன்சுலின் என்பது சீனியைக் குறைக்க வயிற்றுத் தோலில் போடுகிற ஊசி. அன்றைக்கே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் வந்தது பிலோமினா அக்கா. அவ கொண்டுவந்த காரணம் எங்கள் அப்பா. முப்பது வருடத்துக்கு முன்னால் பழைய சம்மாட்டியோடு சண்டை பிடித்து, அப்பா கரை மண்ணை அள்ளி எறிந்து சபித்தாராம்.

"அந்தச் சாபம் சும்மா போகுமா? உன்ட காலில வந்து நிக்குது."

"மண்ணை எறிஞ்சது கையாலதானே அக்கா?" என்று ஹனீபா நானா அந்தக் கட்டிலில் இருந்து கேட்டார். அக்காவுக்கு அவரைப் பிடிக்காமல் போனது அந்த நிமிடத்தில் இருந்துதான்.

பிறகு செபமாலைக் கூட்டத்து ரோசலின் வந்தா. ஆண்டவர் தாம் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பாராம். என்னை மிகவும் நேசிக்கிறாராம். நான் ஓம் என்றேன். மனதுக்குள், கொஞ்ச நாளைக்கு வேறு யாரையாவது நேசிக்கட்டும் என்றேன். அவ இன்னொன்றும் சொன்னா. என் துன்பத்தை ஒப்புக்கொடுத்தால் மோட்சம் போகக் காத்து உத்தரிக்கிற தலத்தில் இருக்கிற ஆன்மாக்கள் கரையேறுமாம். நாள் முழுக்க வலை இழுப்பதும் நான், படுத்த பிறகும் ஆன்மாக்களை இழுத்துக் கரையேற்றுவதும் நானா? சம்மாட்டியாவது ஞாயிற்றுக்கிழமை ஓய்வு தருவார்.

ரொபட் மெற்றில்டாவின் தம்பி. ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் கோயிலை விட்டு, சிலாபம் பக்கத்தில் ஒரு செப வீட்டில் சேர்ந்துவிட்டான். அவனைப் பற்றி நான் நியாயமாக எழுத வேண்டும். என்னைத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோனது அவன்தான். முகம் சுளிக்காமல் என் சட்டியைக் கழுவியதும் அவன்தான். வாய் மூடியிருந்த நேரமெல்லாம் ரொபட் தங்கமான மனிதன்.

"மச்சான், இது கெட்ட ஆவியின் கட்டு. எண்ணெய், சிலை எண்டு போனதால வந்தது. நீங்க விசுவாசத்தோட சொன்னா கத்தி தேவையில்ல."

டொக்டர் நோவைப் பற்றிச் சொன்னது அவன் காதுக்கும் போய்விட்டது. அதற்கும் ஒரு பிரசங்கம் கிடைத்தது.

"பாத்தீங்களா? நோவும் ஆண்டவர்ட கொடைதான் மச்சான். நோவு இல்லாட்டி மனுசன் அழிஞ்சு போவான்."

அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்: அப்படியென்றால் அந்தக் கொடையை எனக்கு ஏன் தரவில்லை? எல்லோருக்கும் தாராளமாகக் கொடுக்கிறவர் என் கால் விஷயத்தில் மட்டும் ஏன் கையை இறுக்கினார்? கேட்கவில்லை. ஓம் என்றேன்.

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் எது தெரியுமா? இவர்கள் யாரும் என் காலைப் பார்க்கவில்லை. கால் ஒரு துணிக்குக் கீழே கிடந்தது. மணத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தலைமாட்டுப் பக்கமாகவே நிற்பார்கள். அங்கே நின்றுகொண்டு காலுக்குக் காரணம் சொல்லுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டொக்டர் பேனை மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்து காலில் வைத்துக்கொண்டு போனார். இரத்தம் ஓடுகிற இடத்தில் அது சத்தம் போடும். முழங்காலுக்குப் பின்னால் வைத்தபோது, அலை வந்து மணலில் வற்றுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. கணுக்காலில் மெலிந்தது. பாதத்துக்கு வந்ததும் ஒரு கரகரப்பு, பிறகு ஒன்றுமில்லை. கறுப்பு நிறம் பாதத்தின் நடுவரை ஏறியிருந்தது.

டொக்டர் சிங்களத்தில் நிறையச் சொன்னார். ஹனீபா நானா சுருக்கிச் சொன்னார்.

"பாதத்தில முன் பாதியை எடுக்கணுமாம். இப்பவே எடுத்தா குதி தப்புமாம், நடக்கலாம். விட்டா மேல ஏறுமாம். பிறகு ரத்தத்துக்குள்ள போனா ஆளே மவுத். கையெழுத்து வைக்கச் செல்றாங்க."

நான் மெற்றில்டாவைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் ஒன்றைத் தீர்மானிப்பது அப்படித்தான். அவள் அந்தக் கடுதாசியைத் தொடவே இல்லை.

"ஏலாது."

"ஏன்?"

"அந்தோனியார் சுகமாக்கினார் எண்டு ஊருக்கு முன்னால வாசிச்ச காலை, நான் எப்பிடி வெட்ட விடுறது? வெட்டினா நான் பீடத்தில பொய் சொன்னவள். சொன்ன பொய்க்கு ஆண்டவர் உங்களிட்ட வாங்குறார்."

"நீ பொய் சொல்லயில்ல. நோகயில்லதானே."

"அந்தக் கடிதத்தில நான் 'சுகமடைந்தது' எண்டு எழுதிட்டன்."

அந்த ஒரு சொல்லில் அவள் சிக்கிக்கொண்டாள். நோவு இல்லை என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்மை. சுகமடைந்தது என்று எழுதியதால், அந்தோனியார் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவார், கொஞ்சம் பொறுப்போம் என்று அவளுக்கு. ரொபட் மூன்று நாள் உபவாசச் செபத்துக்குத் தவணை கேட்டான். பிலோமினா அக்கா நாட்டு வைத்தியர் ஒருவரை விசாரிக்கிறேன் என்றா. ஒருவருக்கு ஒருவர் ஒத்துக்கொள்ளாத மூன்று பேரும் இன்றைக்கு வேண்டாம் என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள்.

ஹனீபா நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் செல்றன் கேளு. நாங்க மன்னாரில இருந்து வந்து இஞ்ச மரத்துக்குக் கீழ கிடக்கக்குள்ள, ஏன் இப்பிடி நடந்த எண்டு காரணம் செல்ல வந்த ஆக்கள் ஒரு பட்டாளம். தொழுகை குறைஞ்சதாலயாம். பொம்புளைகள் முக்காடு சரியாப் போடாததாலயாம். அல்லாஹ்ட சோதனையாம். ஒருத்தன்ட பேரும் எனக்கு ஞாபகமில்ல. கனமூலை ஊரில இருந்து ஒரு மனுசன் வண்டில்ல கூரைக்குக் கிடுகு கொண்டு வந்து இறக்கிட்டு, ஒரு கதையும் கதைக்காமப் போனான். அவன்ட பேர் காசிம்."

"அப்ப அல்லாஹ் சோதிக்கயில்லையா?"

"அது எனக்கும் அவனுக்கும் இடையில உள்ள கதை. தலைமாட்டில நிக்கிறவனுக்கு என்ன? நீ முதல்ல அந்தக் கடுதாசில கையெழுத்து வை."

நான் வைக்கவில்லை. வெட்கத்தைச் சொல்கிறேன், எனக்கு அவர்களை எதிர்த்துப் பேசப் பயம். அழுகிற காலைவிட, மூன்று பேருக்கு முன்னால் வாய் திறப்பது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. வெள்ளி போய், சனி போனது. காய்ச்சல் ஏறியது. பகலிலும் பல்லுக் கிடுகிடுத்தது. மெற்றில்டா காலையில் பாணும் மீன்சொதியும் கொண்டுவந்து, சொதியில் பாணை ஊறவைத்து ஊட்டிவிடுவாள். அவள் சாப்பிடுவதை நான் பார்க்கவில்லை. செபமாலையும் கையில் இல்லை. கேட்டதற்கு, வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதை வீட்டில் விட்டுவந்ததில்லை. கால் போனால் என்ன ஆகும் என்பதைவிட, கால் போனால் இவள் என்ன ஆவாள் என்பது எனக்குப் பெரிதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து பாதர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வன்னிப் பக்கத்து ஆள். சண்டை முடிந்த பிறகு எங்கள் பங்குக்கு வந்தவர். என்னைவிட இளையவர். அங்கே கடைசி நாட்களில் அவர் என்ன பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஹெல்மெட்டைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். இவரும் ஏதாவது கொண்டுவந்திருப்பார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரொபட், அக்கா, மெற்றில்டா மூன்று பேரும் நின்றார்கள்.

"காலைப் பாக்கலாமா, அண்ணை?" என்றார் பாதர்.

கண்ணைத் திறந்தேன். அவர் கால்மாட்டுக்குப் போய், துணியைத் தானே விலக்கினார். மூக்கைப் பொத்தவில்லை. நல்ல நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியை மூடாமல் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்தக் கடிதத்தை வாசிச்சது நான்" என்றார் மெற்றில்டாவிடம்.

"எழுதினது நான்தானே பாதர்."

"நீங்கள் எழுதிப் பெட்டியில போட்டியள். பீடத்தில நிண்டு சனத்துக்கு வாசிச்சது நான். இந்தக் காலை ஒருக்கா வந்து பாக்காமல் வாசிச்சனான். பொய் எண்டால் அது என்ர வாயில இருந்துதான் வந்தது."

"அப்ப அந்தோனியார் என்ன செய்தவர்?"

"தெரியாது அக்கா."

"நீங்களே தெரியாது எண்டா நாங்க என்ன செய்யிறது?" மெற்றில்டாவின் குரல் வாட்டு முழுக்கக் கேட்டது. "ஏன் இவருக்கு வந்தது? யாருக்கு என்ன செய்தவர்? வாயில்லாத மனுசன். இதுக்காவது ஒரு பதில் சொல்லுங்க!"

ரொபட் தொண்டையைச் செருமினான். பாதர் அவனைப் பார்த்தார். அவன் செருமியதோடு நிறுத்திக்கொண்டான்.

"தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லி ஒரு பிழை விட்டிட்டன். இன்னொண்டு விட ஏலாது" என்றார். "ஆண்டவரும் சிலுவையில ஏன் கைவிட்டீர் எண்டுதான் கேட்டவர். வருசா வருசம் பெரிய வெள்ளிக்கு நான் அதை வாசிக்கிறன். அந்த இடத்தில அவருக்கும் ஒரு பதிலும் எழுதியில்லை."

அந்த நேரம்தான் நான் முதன்முதலாக வாய் திறந்தேன். காய்ச்சல் கொடுத்த துணிவாக இருக்கலாம்.

"அது எனக்கு உதவாது பாதர்."

"ஓம் அண்ணை. உதவாது."

அவர் என்னைத் திருத்தவில்லை, வேறொன்றும் சேர்க்கவில்லை. என் கால்மாட்டிலேயே இருந்தார். அவருடைய கை என் கணுக்காலில் இருந்ததைக் கண்ணால்தான் கண்டேன், உணரவில்லை. அவ்வளவு நாளும் எல்லோரும் ஆண்டவருக்காக வழக்காடினார்கள். அவரைக் குற்றத்தில் இருந்து தப்பவைக்க என் அப்பாவை, என் எண்ணெயை, என் மனைவியை மாட்டிவிட்டார்கள். இவர் யாரையும் மாட்டவில்லை. ஆண்டவரே வந்து உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவுதான் கதைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அதில் எனக்குச் சமாதானம் வந்தது என்று எழுதினால் பொய். ஆனால் தனியாகக் கிடக்கிறேன் என்ற எண்ணம் போய்விட்டது. அது வேறு, இது வேறு.

"மிஸ்ஸியைக் கூப்பிடு" என்று மெற்றில்டாவிடம் சொன்னேன். "நான் கையெழுத்து வைக்கப் போறன்."

"மச்சான், உபவாசம் இன்னும் முடியயில்ல, நாளைக்கு ஒரு நாள்தான்..."

"ரொபட், நீ ரெண்டு நாளாச் சாப்பிடாம இருக்கிறாய். அது எனக்குத் தெரியும். இப்ப போய்ச் சாப்பிடு."

மெற்றில்டா போய் மிஸ்ஸியைக் கூட்டிவந்தாள். எழுத்துக்கூட்டி என் பெயரை எழுதினேன். பாதர் நெற்றியிலும் கைகளிலும் நோயாளிகளுக்கான எண்ணெய் பூசிச் செபித்தார். எதிர்க்கட்டில் கிழவர், ஆள் முடிந்தது என்று நினைத்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

டொக்டர் வந்து காலைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டதற்கு, "நாளைக்குக் காலையில எண்டு செல்றாங்க" என்றார் ஹனீபா நானா. அதைவிட நீளமாகத்தான் டொக்டர் சொன்னார். நானா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதில் இருந்தே விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை என்றால் பாதிப் பாதம். இப்போது முழங்காலுக்குக் கீழே.

இதற்கு மெற்றில்டா காரணம் என்று ஊரில் யாரோ கதைப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த எழுத்தை நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவள் காரணம் இல்லை. கையெழுத்து என்னுடையது. மூன்று நாளும் பேனை என் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அப்பா எறிந்த மண்ணும் இல்லை, அந்தோனியாரும் இல்லை. எனக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் அது என் வாய். ஓம் ஓம் என்றே பழகிப்போன வாய். எனக்குச் சீனி ஏன் வந்தது, அந்தக் கெளுத்தி ஏன் என் காலைத் தேடியது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டுக்கு வர வேண்டாம்.

திங்கட்கிழமை காலை என்னைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போக முன்னால் ஹனீபா நானா மெற்றில்டாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, வெட்டுறத என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யிறது எண்டா?"

"ஆஸ்பத்திரில எரிச்சிருவாங்க. எங்கட ஆக்கள் கேட்டு எடுத்து அடக்குவாங்க. என்ட ரெண்டு விரலும் எனக்கு முந்தியே மையவாடிக்குப் போயிட்டு. எழுத்தில கேட்டா தருவாங்க. மனுசன்ட காலைக் குப்பையோட விடாதீங்க."

எங்கள் ஆட்களில் அப்படியொரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. மெற்றில்டா போய், ஸ்டெல்லாவைக் கொண்டு கடிதம் எழுதுவித்து, கீழே தன் பெயரை வைத்தாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது, ஆனால் விழித்திருப்போம். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். நோகவில்லை. நோகாததைப் பற்றி இனிமேல் நான் யாருக்கும் நன்றி சொல்வதாக இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. வாட்டில் மயக்கத்தில் கிடந்தேன். ஸ்டெல்லா சொல்லித்தான் தெரியும்.

காலைப் பஞ்சு வைத்துச் சுற்றி ஒரு அட்டைப் பெட்டியில் கொடுத்தார்களாம். அதை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஊர்வரை வந்தது ரொபட். அவ்வளவு தூரமும் அவன் ஒரு வார்த்தை கதைக்கவில்லையாம். சேமக்காலையில் மெற்றில்டாவின் தாய் தகப்பன் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழி. நாய் கிளறாமல் இருக்க ஆழமாக வெட்டச் சொன்னார்களாம். பிலோமினா அக்கா ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து, கொளுத்துவதா விடுவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாவாம். ரோசலினும் நாலைந்து பெண்களும் வந்திருக்கிறார்கள்.

பாதர் அடக்கச் சடங்குப் புத்தகத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு மூடினாராம்.

"ஒரு காலுக்கு இதில ஒண்டும் இல்லை" என்றாராம்.

எல்லாவற்றுக்கும் செபம் வைத்திருக்கிற ரொபட்டும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றானாம். அப்போது குழி வெட்டுகிற வின்சன், எத்தனையோ பேரைப் புதைத்த பழக்கத்தில், பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டானாம்:

"பாதர், தலை எந்தப் பக்கம்?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். முதலில் சிரித்தது மெற்றில்டா. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் சிரித்தாளாம். பிறகு பாதர், பிறகு ரொபட், கடைசியில் பிலோமினா அக்காவும். சிரிக்கச் சிரிக்க மெற்றில்டாவுக்கு அழுகை வந்து, குழிக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். ஒருவரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு, அவள் எழும்பும்வரை அந்த வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்களாம்.

பெட்டியைக் கடைசியில் எந்தப் பக்கம் பார்த்து வைத்தான் என்று ஸ்டெல்லாவுக்கு ஞாபகமில்லை. நானும் வின்சனிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறார்கள், முழந்தாளிட முடியாதவன் என்பதால். விசுவாசப் பிரமாணத்தில் சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன், செத்த உடம்பு எழும்பும் என்று நம்புகிறேன், என்ற இடம் வரும்போது என் வாய் கொஞ்சம் நிற்கிறது. கோபம் இன்னும் இருக்கிறது. மற்றவர்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகு, மெற்றில்டா பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்க, அதை நான் தனியாகச் சொல்கிறேன்.

2014 மார்ச் 21, தவக்காலத்து வெள்ளிக்கிழமை.